இரும்பு நுழையாத அறை

மார்ச் 10, செவ்வாய்

காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி. காலையில் துவைத்த துணி மதியம் வரை காயவில்லை.

நிலையத்தில் இன்று: ஊசி அறை பெருக்கினேன். எண்ணும் அறை துடைத்தேன். வாசலில் உடைமுள் பொறுக்கினேன். நி. அக்காவுக்கு நோன்பு, அதனால் டீ வேலை இல்லை. (நிஷா அக்கா. கீழக்கரை. இந்தக் காந்த ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துக்கொள்வது அவர் ஒருவர்தான். பெருக்க நான்.)

அம்மா புது ஹேர்பின் வாங்கி வந்தாள். கம்பி. அங்கே போட்டுக்கொள்ள முடியாது.

ஊசி அறைக்குள் போகுமுன் கழற்றுவது: ஹேர்பின், ஊக்கு, கொலுசு (திருகு இரும்பு), செல்போன், உள்பாடிக் கொக்கி. கடைசியதற்குப் பதிலாக அக்காவே நாடா வைத்துத் தைத்துத் தந்தார். கதவில் அடித்திருப்பது செம்பு ஆணி. துடைப்பம்கூடக் கம்பி இல்லாமல் கயிற்றால் கட்டியது. உள்ளே பூமியின் காந்தத்தை அளக்கும் கருவி. பக்கத்தில் இரும்பு போனால் பொய் சொல்லும்.

அந்தக் கருவி கணினியில் ஒரு கோடு போடும். காலையில் ஏறத் தொடங்கி, உச்சிப்பொழுதில் உயர்ந்து நின்று, பிறகு இறங்கும். பகலில் நம் தலைக்கு வெகு மேலே மின்சாரம் ஆறு போல ஓடுகிறதாம். இந்தக் கரைக்கு மேலே அது பலமாம். உச்சியில் இன்னும் பலம். "உச்சிப்பொழுதுல தனியா நடக்காத, செத்தவுக நடமாடுற நேரம்" என்பது அம்மா. அக்காவும் அம்மாவும் ஒரே நேரத்தைச் சொல்கிறார்கள்.

எண்ணும் அறை பிடிக்கும். பயமும். பெரிய பெட்டி ஒன்று. விண்வெளியில் இருந்து துகள்கள் வந்து காற்றில் மோதி, அதில் பிறந்தவை கீழே கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று பெட்டியைக் கடந்தால் ஒரு டிக். கூரை, பெட்டி, தரை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்விடும். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நொடிக்குள் உள்ளங்கை வழியாகவும் ஒன்றிரண்டு போகிறதாம். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயம்.

ஆணியைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். நான் வேலைக்குப் போவது உச்சிக்கு. அக்கா நோன்பு திறக்க அம்மா மீன் வறுத்துக் கொடுத்து விடுவாள். வழி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, உடைமரம் மண்டிய உடங்காட்டுக்குள். மீன் வாசத்தைப் பிடித்து எதுவும் பின்னால் வந்துவிடக் கூடாது என்று பையில் ஒரு ஆணி. கை நீளம், சதுரத் தலை. என்னைப் பெற்ற அய்யாவின் மர வல்லம் கரை ஒதுங்கியபோது அதிலிருந்து பிடுங்கியது. அய்யா ஒதுங்கவில்லை.

"கடலுக்குப் போயித் திரும்பி வந்த இரும்புடி இது" என்பாள் அம்மா.

நிலைய வாசலில் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போவேன். திரும்பும்போது எடுத்துக்கொள்வேன்.

மார்ச் 12, வியாழன்

வெயில் வெள்ளையாக. கண் கூசியது.

எழுதப் பிடிக்காத நாள். என் பழைய வகுப்பு நிலையத்தைப் பார்க்க வந்தது. இப்போது பதினொன்றாம் வகுப்பு. நான் ஒன்பதோடு நின்றேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வீட்டில் வரும், அண்ணனிடம் வரும், நாலு பேர் பார்த்தால் வராது. ஊமைச்சி என்று பெயர் வைத்தார்கள். அய்யாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை, யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

எண்ணும் அறைக் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றுகொண்டேன். அக்கா பேசுவது கேட்டது.

"சூரியன்ல இருந்து வெளிச்சம் நேரா வந்துரும். ஆனா மின்னூட்டம் உள்ள துகள் நேரா வராது. காந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு, அதைச் சுத்திச் சுத்தித்தான் வரும். கயித்துல கோத்த வளையலச் சுழட்டி விட்டா எப்படிப் போகும், அப்படி."

"கயிறு நேரா இருக்குமா மிஸ்?"

"அதுவும் இருக்காது. சூரியன் தன்னைத்தானே சுத்துதுல்ல? தோட்டத்துல ரப்பர் குழாயத் தலைக்கு மேல சுழட்டுனா தண்ணி வளைஞ்சு விழும்ல, அந்த மாதிரி சூரியனோட காந்தக் கோடெல்லாம் வளைஞ்சு கிடக்கு. அதனால சூரியனுக்கு நடுவுல வெடிச்சத விட, மேற்கு ஓரத்துல வெடிச்சதுதான் சில நேரம் நம்மகிட்ட முதல்ல வந்து சேரும்."

"அப்ப எங்க இருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"சூரியனோடதுன்னா ஓரளவு சொல்லிரலாம். நட்சத்திரத்துக்கு அங்கிட்டு இருந்து வர்றத என்கிட்டக் கேக்காத. எத்தனை காந்தத்துல மாட்டி எத்தனை தடவை திரும்புச்சோ. அது வந்த திசைய வச்சு, கிளம்புன இடத்தச் சொல்லவே முடியாது."

பெட்டியின் டிக் டிக் மட்டும்.

பிறகு அக்கா திசைகாட்டியை எடுத்து வெளி வராந்தாவில் வைத்தார். "பிரிஸ்கா, உன் ஆணியக் கொண்டா."

கால் நகரவில்லை. மறுபடி கூப்பிட்டார். போனேன். ஷாலினி பார்த்துவிட்டாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"ஏய், நம்ம ஊமைச்சிடி!"

"கையில என்ன, பேய் விரட்டுற ஆணியா?"

"அவளே பேய் மாதிரி கதவுக்குப் பின்னாடிதான நின்னா."

அக்கா ஆணியைத் திசைகாட்டி ஓரமாகக் கொண்டுபோனார். வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்த முள் மெல்ல வடக்கை விட்டுவிட்டு ஆணியைப் பார்த்துத் திரும்பியது. யாரோ கூப்பிட்டுத் தலையைத் திருப்புவது போல. ஆணியை எடுத்ததும் பழையபடி.

"இத வச்சுக்கிட்டு முள்ள நம்பிப் போனா எங்க போவீங்க?"

"எல்லை தாண்டி ஜெயிலுக்கு மிஸ்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பின் அக்காவுக்குப் போன். நகரத்தில் இருந்து தலைமை அலுவலகச் சார். இன்று விடியலில் சூரியன் நடுவில் பெரிதாக வெடித்ததாம். வெடித்த மேகம் ஒன்று காந்தத்தைச் சுமந்துகொண்டு நம்மைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறதாம். சனிக்கிழமை வரலாம். வராமலும் போகலாம்.

"வந்தா என்ன செய்யும் அக்கா?"

"அதோட காந்தம் எந்தப் பக்கம் பாத்துருக்குன்னு வச்சு இருக்கு. இங்கன வந்து தொட்டாத்தான் தெரியும்."

மார்ச் 13, வெள்ளி

மேகம் இல்லை. சூரியனைப் பார்க்காமல் நடந்தேன். அது பார்க்கிற மாதிரி இருந்தது.

மாலை சிலுவைப் பாதை. அம்மா முழங்கால் வலி என்று பாதியில் உட்கார்ந்தாள்.

அண்ணன் நாளை கடலுக்கு. மரியதாஸ் மாமா ஓட்டும் விசைப்படகு. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் மட்டும் எனக்கு வாய் நிற்காது.

"சூரியன் வெடிச்சுருக்காம். ஜி.பி.எஸ். தடுமாறுமாம் அண்ணே."

"சூரியனே வெடிச்சுருச்சா? அப்ப நாளைக்கு ஐஸ் சீக்கிரம் கரைஞ்சிரும்."

"வெளாடாத. நீ எல்லைக் கோட்டுக்கு அங்கிட்டுப் போயிட்டா?"

"போக மாட்டோம் பிள்ள. ஜி.பி.எஸ். போனா திசைகாட்டி இருக்கு. அதுவும் போனா மாதா இருக்கு. இந்தா, பாரு."

செல்லில் படம் காட்டினான். படகின் ஓட்டுநர் அறை. ஜி.பி.எஸ். பெட்டி, அதற்குக் கீழே திசைகாட்டி, திசைகாட்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் பலகையில் மாதா படம், சின்ன சீரியல் பல்பு. எனக்கும் அனுப்பி வைத்தான்.

போன மாதம் இரண்டு படகை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்றில் இருந்தவரின் மனைவி இன்று சிலுவைப் பாதையில் எனக்கு முன்னால் நின்றார். குழந்தை தோளில் தூங்கியது. இன்னும் தகவல் இல்லை.

அண்ணன் போனால் நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்ச் 14, சனி

மதியம்.

அண்ணன் இருட்டோடு கிளம்பினான். நான் எழுந்தபோது அவன் செருப்பு இல்லை.

உச்சிக்குக் கிளம்பினேன். கல்லறைத் தோட்டம் தாண்டிய பிறகுதான் பையில் கைவிட்டேன். மீன் பொட்டலம் இருந்தது. ஆணி இல்லை.

திரும்பிப் போக நேரமில்லை. உடங்காட்டுக்குள் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. நிழல் காலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது. பின்னால் மணலில் யாரோ நடக்கிற மாதிரி. நின்றேன், அதுவும் நின்றது. பை என் பாவாடையில் உரசும் சத்தம்தான், தெரியும். ஆனாலும் ஓடினேன்.

எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஊசி அறையைப் பெருக்கினேன். வெளியே வந்ததும் அக்கா கத்தினார்.

"பிரிஸ்கா! உள்ள என்ன கொண்டு போன?"

கோடு செங்குத்தாக எகிறியிருந்தது.

"இரும்பு இருக்கா?"

தலையை ஆட்டினேன், இல்லையென்று. நம்பவில்லை. பையைக் கொட்டினார், மடியைத் தடவினார், வாசல் கல்லைப் புரட்டினார்.

"ஆணி எங்க?"

"இன்னைக்கு... கொண்டு வரல."

என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். போனை எடுத்தார். "சார், இங்க ஆளால வந்தது இல்ல சார். அது வந்துருச்சு."

பிறகு கோடு இறங்கத் தொடங்கியது. தினமும் உயர்ந்து நிற்கும் நேரத்தில் கீழே கீழே போனது. மேகத்தின் காந்தம் தப்பான பக்கம் பார்த்திருக்கிறது என்றார் அக்கா. இன்னொரு திரையில் எண்ணும் பெட்டியின் கோடும் சரிந்தது. சூரியனின் மேகம் பூமியைப் போர்த்திவிட்டது, அதன் காந்தம் வெளியில் இருந்து வரும் துகள்களைத் தள்ளிவிடுகிறது, அதனால் குறைகிறது என்றார்.

டிக் சத்தம் இளைத்தது எனக்குக் கேட்டது. "காதுக்குத் தெரியாதும்மா, நூத்துல ஏதோ ஒண்ணு ரெண்டுதான் குறைஞ்சிருக்கும்" என்றார். எனக்குக் கேட்டது. வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரோ வந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டது போல.

அக்கா துறைமுகத்துக்குப் போன் செய்தார். "பொழுது அடைஞ்ச பெறகு ஜி.பி.எஸ். பிசகும். இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் ஆகாது, ஆனா அத நம்ப வேணாம்னு சொல்லுங்க. திசைகாட்டியப் பாத்து வரச் சொல்லுங்க." படகுகளுக்கு ரேடியோ செட்டில் சொல்லிவிட்டார்களாம்.

பூமியோட காந்தமே ஆடும்போது திசைகாட்டி மட்டும் சரியா இருக்குமா என்று கேட்டேன். நானாகக் கேட்டேன். "நல்ல கேள்வி. ஆடுறது ரொம்பக் கொஞ்சம். ஊசி அறைக் கருவிக்குத்தான் தெரியும், படகு முள்ளுக்குத் தெரியாது" என்றார்.

நிம்மதி.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்.

நிம்மதி இல்லை. வரிசையாக எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆணி எங்கம்மா?"

"அண்ணன்கிட்டக் குடுத்து விட்டேன். நீதான சூரியன் வெடிச்சுருச்சு அது இதுன்னு அவன்கிட்டப் பொலம்புன. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. திரும்பி வந்த இரும்பு, அவனையும் கூட்டிட்டு வந்துரும்ல."

"எங்க வச்சான்?"

"மாதா படத்துக்குப் பின்னாடி சொருகிட்டேன்னு படகுல இருந்து போன் பண்ணான். ஏன்டி மூஞ்சி அப்படிப் போகுது?"

செல்லில் படத்தை எடுத்துப் பார்த்தேன். மாதா படம். அதை ஒட்டித் திசைகாட்டி. நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

ஜி.பி.எஸ்.ஸை நம்ப வேண்டாம், திசைகாட்டியை நம்பு என்று எல்லாப் படகுக்கும் சொல்லியாகிவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லைக்கு வெளியே என்றது.

மீனவர் சங்கத்துக்கு ஓடினேன். இன்னாசி சித்தப்பா செட் முன்னால் இருந்தார். ஆண்கள் நிறைய. சொல்ல முடியவில்லை. படத்தைக் காட்டினேன். ஆணி, ஆணி என்று மட்டும் வந்தது. அவருக்குப் புரியவில்லை. "என்ன பிள்ள, நீயே பேசு" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

"மொதல்ல பேரைச் சொல்லு. யாரு பேசுறான்னு தெரிஞ்சாத்தான் பதில் வரும்."

"ஏலே, ஊமைச்சி பேசப் போகுதுடா" என்றது ஒரு குரல். "சும்மா இருலே" என்றது இன்னொன்று.

பெயர் வரவில்லை. வாயைத் திறந்தேன், அது மட்டும் வரவில்லை. அதை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"அண்ணே, மாதா படத்துக்குப் பின்னாடி இருக்க ஆணிய எடுத்துரு. முள்ளு தப்பாக் காட்டும். ஆணிய எடுத்துரு அண்ணே."

திரும்பத் திரும்பச் சொன்னேன். இடையிடையே மைக் பொத்தானை விட்டுவிட்டுப் பதில் வருகிறதா என்று கேட்டோம். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்ட மாதிரி இரைச்சல். அதற்குள் எங்கோ யாரோ பேசுவது போல ஒன்று, நம் பேச்சு இல்லை, பேச்சுதானா என்றும் தெரியவில்லை.

"தூரத்துல இருந்தா எட்டாது. அவுக செட்டும் சுமார்தான்" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் ஆணியைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. துறைமுகம்.

படகுகள் வந்தபடி இருந்தன. எல்லாரும் அதையே சொன்னார்கள். பொழுது அடைந்ததும் ஜி.பி.எஸ். புள்ளி குதித்தது, பிறகு திரையில் ஒன்றும் இல்லை, திசைகாட்டியை வைத்து வந்துவிட்டோம். செட்டில் என் குரலைக் கேட்டீர்களா என்று சித்தப்பா கேட்டார். ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் படகு இல்லை.

அம்மா ஜெபமாலை உருட்டுகிறாள். "ஆணி இருக்கு, வந்துருவான். ஆணி இருக்கு, வந்துருவான்." காதைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு படகைப் பிடித்துவிட்டார்கள் என்றார் ஒருவர். இல்லை, அது போன மாதத்துக் கதை என்றார் இன்னொருவர்.

உச்சி. நிழல் இல்லை.

வந்துவிட்டது. வந்துவிட்டது. அண்ணன் படகு முனையில் நிற்கிறான்.

மார்ச் 16, திங்கள்

காற்று திரும்பிவிட்டது. துணி காய்ந்தது.

அண்ணன் நேற்று வந்ததில் இருந்து தூங்கினான். இன்று காலை சொன்னான், அம்மா சந்தைக்குப் போனபோது. அவன் சொன்னபடியே:

"மீன் பாடு முடிஞ்சு நடுச்சாமம் தாண்டி ஊரைப் பாத்துத் திருப்புனோம். திரையில ஒண்ணும் இல்ல. மாமா முள்ளப் பாத்துத்தான் ஓட்டுறாரு. தென்மேற்கேன்னு முள்ளு சொல்லுது. ரொம்ப நேரம் கழிச்சு முன்னாடி வெளிச்சம் தெரியுது. ஊர் வந்துருச்சுடான்னு நான் கயித்த எடுக்கேன், மாமா அசையல. ஏலே, நம்ம கலங்கரை விளக்கு இப்படி மின்னாதுலேன்னாரு. அப்பத்தான் செட்டுல குரலு. ராத்திரி பூரா வெறும் இரைச்சல் பிள்ள, அப்ப மட்டும் தெளிவா, ஒரு பொம்பளப் பிள்ளக் குரலு. மாமாவுக்கு வேர்த்து ஊத்திருச்சு. கடல்ல பொம்பளக் குரல் கேட்டா இரும்பப் பிடிக்கணும்னு மாதா படத்துக்குப் பின்னாடி கைய விட்டு ஆணிய உருவி நெஞ்சோட வச்சுக்கிட்டாரு. நான் முள்ளையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்படியே திரும்புச்சு. நாங்க போனது தென்மேற்கே இல்ல, தெற்கே. நேரா அந்தப் பக்கத்துக் கரைக்கு."

படகைத் திருப்பி ஓடி வந்திருக்கிறார்கள். டீசல் தீரும் அளவுக்கு.

நான் பேசியது சனிக்கிழமை மாலை. அவர்கள் கேட்டது ஞாயிறு விடியலில். அப்போது செட் அறை பூட்டியிருந்தது. நான் பாயில் கிடந்தேன், தூங்காமல், வாயைத் திறக்காமல்.

உச்சிக்கு நிலையம் போனேன். சரிந்த கோடு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. டிக் சத்தம் பழையபடி. பொழுது அடையும்வரை அங்கேயே இருந்து அக்காவிடம் கேட்டேன், குரல் வளைந்து சுற்றிக்கொண்டு தாமதமாக வருமா என்று.

"குரலு ரேடியோ அலையாத்தான போகுது. அதுக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தம் அதப் பிடிச்சுச் சுத்த விடாது. நீ சாயங்காலம் பேசுனது சாயங்காலமே போயிருச்சும்மா."

"அப்ப அது யாரு?"

நோன்பு திறக்கிற நேரம், அக்கா பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையிலும் ஒன்று வைத்தார். வந்த திசையை வைத்துக் கிளம்பிய இடத்தைச் சொல்ல முடியாது என்று இவர்தானே பிள்ளைகளிடம் சொன்னார்.

இப்போது வீடு. அம்மா ஆணியைப் பையில் திரும்பக் கட்டி வைத்துவிட்டாள். முத்தம் கொடுத்துக் கட்டினாள். அவளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனிடம் கடைசியாகக் கேட்டேன். "அந்தக் குரலு என்ன சொல்லுச்சு? ஆணிய எடுன்னா?"

"ஆணியா? அதெல்லாம் இல்லையே. ரெண்டே வார்த்தை. அதான் நான் உன்னத்தான் நெனச்சேன். சித்தப்பாவும் சொன்னாரு, நீ மைக்குல பேசுனன்னு." என் தலையில் தட்டினான். "'பிரிஸ்கா பேசுறேன்'னுச்சு."

தலையை ஆட்டினேன். அவன் தூங்கப் போய்விட்டான்.

நான் பெயரைச் சொல்லவே இல்லை. சனிக்கிழமை மட்டும் இல்லை, எந்த நாளும், யாரிடமும், அப்படிச் சொன்னதில்லை. என் குரலில் அது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

சற்று முன் கதவைச் சாத்திவிட்டு, கடல் இருக்கும் பக்கம் பார்த்து, வெளியே கேட்கும்படி, முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தேன்.

பிரிஸ்கா பேசுறேன்.